வெறும் தூக்குவாளி

இந்தப் பையைக் கொஞ்சம் உன் மடியில் வைத்துக்கொள்ளம்மா. சாய்க்காமல். ஆமாம், அப்படி நிமிர்த்தி. என் மடியில் இன்னொரு பை இருக்கிறது பார். கீழே வைத்தால் இந்த டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்துக்கு எல்லாம் உருண்டு முன்னால் போய்விடும். நீ எதுவரைக்கும்? வத்தலக்குண்டா? நானும் அங்கேதான். வீடு திண்டுக்கல்லா? அட, நான் முத்தழகு நகர். பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு பஸ்ஸில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

கேஸை அணைத்தேனா என்று ஒரே யோசனையாக இருக்கிறது. அணைத்தேன். அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று திரும்பிப் போய் ஒரு திருகு திருகினேன். இப்போது அந்தத் திருகு மூடுகிற பக்கமா திறக்கிற பக்கமா என்று சந்தேகம். இன்றைக்கு அவருக்கு லீவு, வீட்டில்தான் இருக்கிறார். போன் போட்டால், "நீ கிளம்பினதும் மொத வேலையா அதைத்தான் பார்த்தேன், நிம்மதியா போ" என்பார். பழகிவிட்டது அவருக்கு.

உன் மடியில் இருப்பது என்ன என்று தெரியாமல் வைத்திருக்கிறாயே, சொல்லிவிடுகிறேன். மூன்று தூக்குவாளி. ஒன்றில் புளியோதரை. ஒன்றில் வட்டலப்பம், தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிப்பார்களே, அது. மூன்றாவதில் நார்த்தங்காய் ஊறுகாய். வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டில் ருசி பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். பிடித்துவிட்டால் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால் கடை எனக்கு. வராவிட்டால் என் கொழுந்தன் சந்தானம் என்னை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு மொபைல் கடைக்காரனுக்குக் கடை இருக்கிற அறையை விட்டுவிடுவான். ஆக, என் கடையே இப்போது உன் மடியில்தான் இருக்கிறது. பயப்படாதே. நிமிர்த்திப் பிடித்தால் போதும்.

இந்த வியாபார யோசனை முழுக்க என்னுடையது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இப்போது தெருவில் எல்லாரும் ஜெசிந்தா மேடம் போட்டுக்கொடுத்த திட்டம், ஜெசிந்தா மேடம் மூளை என்று பேசித் திரிகிறார்கள். அந்தப் பெண் ஆலோசனை சொல்ல வந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விதை யாருடையது?

நான் எட்டாவதோடு நின்றவள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் வேலையே இல்லாமல் போய்விட்டது. எதற்காவது கவலைப்பட வேண்டுமே, ஆள் இல்லை. அவரோ மில்லுக்குப் போனால் சாயங்காலம்தான். அவர் சாப்பாட்டிலும் பெரிய ஆள் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கரண்டி குழம்பு, அதன் மேல் ஒரு சட்டி மோர். வயிறு அப்படி, என்ன செய்வது.

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தையல் கம்பெனி. சாயங்காலம் வந்து குக்கரில் சோறு வைத்துவிடுவார்கள். ஆனால் குழம்பு? குழம்புக்கு நேரம் வேண்டும், நிதானம் வேண்டும். அந்தக் குழம்பை நாம் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சோறு வேண்டாம், பொரியல் வேண்டாம், குழம்பு மட்டும். நீயே சொல், நல்ல யோசனையா இல்லையா? தலையாட்டுகிறாய் பார். இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் மட்டும் தலையாட்டவில்லை. "வேற ஏதாவது செய்யேன், ஊதுபத்தி கீதுபத்தி" என்றார்.

கொழுந்தன் வீட்டு முன்னறை சும்மா கிடந்தது. அவன் ஒரு நக்கல் பேர்வழி, ஆனாலும் மதினி என்ற மரியாதை உண்டு. பொங்கல் வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னான். அதற்குள் வியாபாரம் நடந்தால் தொடரலாம், நடக்காவிட்டால் மொபைல் கடைக்காரன் காத்திருக்கிறான் என்றான். "முதல்ல யார்கிட்டயாவது யோசனை கேளுங்க மதினி" என்று சொல்லி, பெண்கள் தொழில் தொடங்க ஆலோசனை சொல்கிற அலுவலகத்துக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். அங்கே கிடைத்தவள்தான் ஜெசிந்தா. முப்பது வயது இருக்கும். ஒல்லியான பெண். எதைச் சொன்னாலும் "அப்படியாக்கா" என்று கேட்டுக்கொள்வாள். பேச விடுகிற ஆள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியாதா.

ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். குழம்பைப் பார்க்காமல் திட்டம் போட முடியாது என்றாள். நியாயம்தானே. சுடச்சுடச் சோறு போட்டு வத்தக்குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன். அவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் செய்வார்களே. ஆனால் வாயில் போட்டுக்கொண்டு செய்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஐப்பசி மழையில் இவ்வளவு தாகமா என்று கேட்டேன். அலைச்சல் என்றாள்.

"அக்கா, நீங்க உப்புப் பார்க்கிறதில்லையா?" என்று கேட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பார்ப்பதே இல்லை என்றேன். எங்கள் அம்மா வீட்டில் அது கிடையாது. முதல் கரண்டி சாமிக்கு, அடுத்தது காக்கைக்கு. அதற்கு முன்னால் கரண்டியைச் சப்பிவிட்டுத் திரும்பக் குழம்பில் விட்டால் அது எச்சில் இல்லையா? நான் சமைக்கிறபோது நாக்கில் ஒரு துளி படாது. மூக்கு ஒன்று போதும். மணத்தை வைத்தே புளி, காரம் எல்லாம் சொல்லிவிடுவேன்.

"உப்புக்கு மணம் உண்டாக்கா?"

இல்லைதான். அதனால்தான் எனக்கு ஒரு வழக்கம். கொதிக்கிறபோது உப்புப் போடுவேன். இறக்கும்போது, போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு கை போட்டுவிடுவேன். சந்தேகத்தோடு இறக்கி, உப்பில்லாக் குழம்பு ஒருவர் இலையில் விழுந்தால் அதைவிட அவமானம் உண்டா? சந்தேகம் அடிக்கடி வருமா என்று கேட்டாள். நான் கவனமான ஆள், தினமும் வரும் என்றேன். அவள் இன்னொரு செம்புத் தண்ணீர் கேட்டாள். "கொஞ்சம் உப்புக் கூட இருக்குக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தாள். பாவம், ஹாஸ்டலில் வளர்ந்த பெண். நாக்கு செத்துப்போயிருக்கும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

எடுத்தவுடன் கடை போட வேண்டாம் என்றாள். முதலில் சில வீடுகளுக்குச் சும்மா கொடுக்க வேண்டுமாம். கொடுத்துவிட்டு, நன்றாக இருந்ததா என்று கேட்கக் கூடாதாம், எதை மாற்ற வேண்டும் என்று கேட்க வேண்டுமாம். படித்தவர்கள் பேச்சைப் பார். சாப்பிட்டவளிடம் போய் எதை மாற்றணும் என்று கேட்டால், நம் குழம்பின் மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகாதா? சும்மா கொடுப்பதற்கு மட்டும் சம்மதித்தேன்.

என் கல்யாணத்துக்குச் சீராக வந்த தூக்குவாளிகள் பரணில் கிடந்தன. எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும், கோ. தனபாக்கியம் என்று. தேய்த்துக் கழுவி, குழம்பை ஊற்றி, நானே வீடு வீடாகக் கொண்டுபோனேன். மறுநாள் வாசலில் நின்று, "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் நன்றாக இருந்தது என்றார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

சொன்னதோடு விட்டார்களா? நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப எந்தப் பெண்ணுக்கும் கை வராது. ஒரு கரண்டி சீனியாவது போட்டு அனுப்புவோம். கோடி வீட்டு சுலோச்சனா, சௌராஷ்டிரக்காரர்கள், தூக்குவாளி நிறையப் புளியோதரை வைத்து அனுப்பினாள். ரஹ்மத் அக்கா வட்டலப்பம். நர்ஸ் கலைச்செல்வி நார்த்தங்காய் ஊறுகாய். குழம்பு பிடிக்காமலா இவ்வளவு செய்வார்கள்? நான் உடனே மறுபடி குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். "எதுக்குக்கா சிரமம், வேண்டாம்க்கா, போதும்க்கா" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசுவார்கள். நல்ல வளர்ப்பு. வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை. எல்லார் வீட்டிலும் உருளைக்கிழங்கு. யார் கூடையை எட்டிப் பார்த்தாலும் உருளைக்கிழங்கு. என்ன குழம்பு கொடுத்தாலும் அதில் இரண்டு கிழங்கை வேகவைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகுவது, வேறென்ன. கலைச்செல்வி வீட்டுக்காரருக்கு வேறு திடீரென்று பிபி வந்து, வெளிச் சாப்பாடே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சுலோச்சனா வீட்டு அடுப்படி ஜன்னலுக்குக் கீழே ஒரு முருங்கை, காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அது ஒரே மாதத்தில் பட்டுப்போனது. அவ்வளவு காய் காய்த்தால் கண் படத்தானே செய்யும் என்று நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரம் போன துக்கம்.

அப்புறம் விலை வைத்தேன். "தனம் குழம்புக் கடை" என்று போர்டு எழுதி முன்னறையில் மாட்டினேன். என்ன ஆச்சரியம் என்றால், அன்றைக்கே தெருவில் எல்லாருக்கும் குழம்பு வைக்க நேரம் கிடைத்துவிட்டது. அதுவரை நேரமே இல்லாதவர்கள். ஒருத்தரும் வாங்க வரவில்லை. அண்டா குழம்பும் அப்படியே நின்றது. வீணாக்கலாமா? தூக்குவாளியில் ஊற்றிச் சும்மா கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களும் விடவில்லை, பதிலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். என் பாத்திரம் போதாமல் அவர்கள் பாத்திரத்திலும் வந்தது. அதை நான் வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? கார்த்திகை முடிவதற்குள் முன்னறை முழுக்கத் தூக்குவாளியும் டப்பாவும் ஜாடியும் அடுக்கிக் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தானம் வந்து வாசலில் நின்று பார்த்தான். "மதினி, இது கடையா, நிச்சயதார்த்தச் சீர் வச்ச மண்டபமா? வாங்க வந்த ஆளையே காணோம், வரிசை மட்டும் வந்துக்கிட்டே இருக்கு" என்றான். மொபைல் கடைக்காரன் அட்வான்ஸோடு வந்து பேசிவிட்டுப் போனதாகவும் சொன்னான். வாழ்நாளில் எனக்கென்று ஒரு சாவி இருந்தது என்றால் அந்த அறைச் சாவிதான். இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தால் நடையே வேறு மாதிரி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார வேண்டுமே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அன்றைக்கு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கோயில் முடிந்ததும் நேரே வந்துவிட்டாள்.

வந்தவள் நேரே உள்ளே போனாள். அறையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். என் அண்டாவை மட்டும் திறக்கவில்லை, ஏற்கெனவே தெரிந்ததுதானே. புளியோதரையை ஒரு வாய் எடுத்தாள், அப்புறம் இன்னொரு வாய். வட்டலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது யாரு செஞ்சது, அது யாரு செஞ்சது" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவர் மறுசோறு கேட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சகவாசத்தில் பசி வருகிறது.

"அக்கா, இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டுற ஆள் உங்களைத் தவிர யாராவது உண்டா?" என்றாள் ஜெசிந்தா.

யார் இருக்கிறார்கள்? அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொள்கிறார்கள்.

"சுலோச்சனாம்மா புளியோதரை இப்படி இருக்கும்னு ரஹ்மத் அக்காவுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? இவ வீட்டு வாசல்படியை அவ மிதிச்சதே கிடையாது."

"அதான்க்கா உங்க கடை. செய்யறது அவங்க. ஆர்டர் பிடிச்சு, வாங்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது நீங்க."

"அப்ப என் குழம்பு?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். சந்தானம் ரோட்டைப் பார்த்தான். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது நீங்க அன்பா கொடுக்கிறதுக்கா. அதுக்குப் போய் விலை வைக்கலாமா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இத்தனை வருஷத்தில் என் குழம்பைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். சந்தானத்துக்கு அப்போது பார்த்து ஒரு இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். "ஆமா தனம், விலைக்குக் கொடுக்கவே கூடாது" என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, "சும்மாவும் அடிக்கடி கொடுத்தா மதிப்புப் போயிரும்" என்றார். எனக்காக அவர் இப்படிப் பரிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

அப்படித்தான் போர்டை மாற்றினோம். மொபைல் கடைக்காரனைப் பொங்கல் வரைக்கும் நிறுத்திவைக்கச் சந்தானம் ஒத்துக்கொண்டான். "ஒரு பெரிய ஆர்டராவது பிடிங்க மதினி, அறை உங்களுக்கு" என்றான். ஜெசிந்தா திட்டம் திட்டம் என்கிறார்களே, திட்டமா மழையில் போய்க் கதவைத் தட்டுகிறது? சுலோச்சனா புளி ஊறப்போட்டாளா என்று முந்தின நாளே கேட்பேன். ராத்திரி படுக்கும் முன் போன் போட்டுக் கேட்பேன். விடிந்ததும் அவள் கோலப்பொடி எடுக்க வரும்போது நான் வாசலில் நிற்பேன். உப்புப் போட்டீர்களா என்று கேட்டால், மூன்று வீட்டிலும் சொல்லிவைத்த மாதிரி, "போட்டாச்சுக்கா, நீங்க போட வேண்டாம்" என்பார்கள். இதுவரை ஒரு ஆர்டர் தாமதமாகப் போனதில்லை, ஒரு மூடி மாறினதில்லை. இது கவலைப்படத் தெரிந்தவள் செய்கிற வியாபாரம் அம்மா.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஸ்டிக்கர். உன் மடியில் இருக்கிறதே, ஒவ்வொரு மூடியிலும் குறுக்கே ஒட்டியிருக்கிறது பார். அது ஜெசிந்தா போட்ட சட்டம். செய்தவர்களே மூடி, செய்தவர்களே ஒட்ட வேண்டும். போய்ச் சேருகிற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது, குறிப்பாக நான் பிரிக்கக் கூடாது. ஏன் குறிப்பாக நான் என்று கேட்டதற்கு, "முதலாளி கை வைக்கக் கூடாதுக்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் சுலோச்சனா அந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒட்டுகிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செம்பட்டி தாண்டிவிட்டோமா? அப்போது சீக்கிரம் வந்துவிடும்.

இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு சந்தேகம். உப்புப் போட்டாச்சு என்று சுலோச்சனா சொன்னாள், சரி. ஆனால் அவள் மகன் பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அந்த அவசரத்தில் மறந்திருந்தால்? அங்கே போய்க் கல்யாண வீட்டுக்காரர் வாயில் வைத்து, சப்பென்று இருந்தால்? எல்லாம் போயிற்றே. என் பையில் ஒரு பொட்டலம் உப்பு எப்போதும் வைத்திருப்பேன், ஆத்திர அவசரத்துக்கு. நான்தானே பிரிக்கக் கூடாது, நீ பிரிக்கலாம் இல்லையா? அந்த ஓரத்தை மட்டும் நகத்தால் கொஞ்சம் தூக்கு. ஒரே ஒரு சிட்டிகை.

ஏம்மா, பையை ஏன் ஜன்னல் பக்கம் நகர்த்துகிறாய்? கட்டிப்பிடித்துக்கொண்டாயே. சரி, சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். குலுங்காமல் இருக்கட்டும் என்றுதானே பிடித்திருக்கிறாய், நல்ல பெண்.

போகட்டும். அதற்கும் ஒரு வழி செய்துதான் வந்திருக்கிறேன். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. என் மடியில் இருக்கிற பையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? நாலாவது தூக்குவாளி. என் வத்தக்குழம்பு. ஸ்டிக்கர் கிடையாது. விலைக்குத்தான் கொடுக்கக் கூடாது, அன்பாகக் கொடுக்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாண வீட்டில் முதலில் இதை ஊற்றிச் சாப்பிடச் சொல்லப்போகிறேன். அப்புறம் மற்றதை ருசி பார்க்கட்டும். இன்றைக்கு இருந்த படபடப்பில், போட்டேனா போட்டேனா என்று மூன்று தடவை சந்தேகம் வந்துவிட்டது, பார்த்துக்கொள்.

என்ன? சத்தமாகச் சொல், இந்த ஹாரனில் காதில் விழவில்லை.

உனக்கா? இந்தக் குழம்பு உனக்கு வேண்டுமா?

அட என் தங்கமே. கல்யாண வீட்டுக்கு என்று கொண்டுவந்தது. முழுசும் வேண்டுமா? ஒரு சொட்டு மிச்சம் வைக்காமலா? இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், இப்படி வாய்விட்டுக் கேட்டவர்கள் ஒருவர் கிடையாது. கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுப் படி ஏறினால் விளங்குமா? இந்தா, பிடி. அவர்களுக்கு இன்னொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம், ஆர்டர் வந்த பிறகு. அந்த மூன்றையும் என்னிடம் கொடு.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நான் முன்னால் இறங்கிக்கொள்கிறேன். முத்தழகு நகரில் இறங்கித் தனபாக்கியம் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். தூக்குவாளியில் பெயர் வெட்டியிருக்கிறது, தொலைத்துவிடாதே, சீர்ப் பாத்திரம்.

அதற்காக ரொம்பச் சிரமப்பட வேண்டாம் தாயி. ஆனால் வெறுமனே மட்டும் அனுப்பிவிடாதே. நீ எது நன்றாகச் செய்வாய்?